சக்தியா, எனர்ஜியா?

"சக்தியை எனர்ஜின்னு போட்டீங்கன்னா, என் பேரை அட்டையிலிருந்து எடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டுப் பேராசிரியர் போனை வைத்தார்.

வைத்த மறுநொடி அடுத்த போன். மனநல ஆலோசகர்.

"எனர்ஜியைச் சக்தின்னு மாத்தினீங்கன்னா, நான் எழுதின பக்கமெல்லாம் எனக்குத் திரும்ப வேணும்."

பிழைதிருத்துபவர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். பதிப்பகத்தில் சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகிறது. தேவையோ இல்லையோ, கண்ட இடத்திலெல்லாம் காற்புள்ளி வைக்கிறார் என்று முதல் வாரத்திலேயே அவருக்குக் 'காற்புள்ளி சார்' என்று பெயர் சூட்டிவிட்டார்கள்.

முதலாளியம்மா அவரை நம்பித் தனியாக ஒப்படைத்த புத்தகம் இது. இடப்பக்கம் பழைய தந்திர தத்துவம். ஓய்வுபெற்ற பேராசிரியர் எழுதுவார். வலப்பக்கம், அதே தத்துவத்தை இன்றைய மனச்சிகிச்சை எப்படி எடுத்துக்கொண்டிருக்கிறது என்று ஆலோசகர் எழுதுவார். இருவரும் ஒருவரை ஒருவர் சந்திக்கவே மாட்டார்களாம். அது நிபந்தனை.

"எழுதறவங்க அப்படித்தான். நடுவுல நீங்க இருந்து பார்த்துக்கோங்க" என்றார் முதலாளியம்மா. "பதினஞ்சாம் தேதி அச்சுக்குப் போகணும். தொகுப்பாசிரியர்னு உங்க பேர் வரும்."

இருபது ஆண்டுகளாக அடுத்தவர் எழுத்தில் ஒற்றுப்பிழை பொறுக்கியவருக்கு அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது.

"தந்திரமா? நமக்கு எதுக்குங்க இந்த மந்திரம் மாயமெல்லாம்?" என்றாள் மனைவி.

"மாயம் இல்லடி, தத்துவம். உடம்பு, உலகம் எல்லாமே சக்தியோட வடிவம். அதுல தள்ள வேண்டியதுன்னு எதுவுமே இல்ல."

"அப்ப அந்த அழுக்குச் சட்டையையும் என் பக்கம் தள்ளாம நீங்களே துவைங்க."

காற்புள்ளி சார் யோசித்துப் பார்த்து, சக்தியையும் எனர்ஜியையும் அடித்துவிட்டு இரண்டு பக்கத்திலும் 'ஆற்றல்' என்று போட்டார். முதன்முறையாக எழுத்தாளர்கள் இருவரும் ஒரே கருத்துக்கு வந்தார்கள். காற்புள்ளி சாருக்கு ஒன்றும் தெரியாது என்பதே அந்தக் கருத்து.

அடுத்த சண்டை மூச்சில் வந்தது. 'மூச்சு உள்ளே போவதற்கும் வெளியே வருவதற்கும் நடுவே சில நொடிகள் நில்லுங்கள். பதற்றம் தணியும்' என்று வலப்பக்கத்தில் இருந்தது. பேராசிரியர் அதன் ஓரத்தில் சிவப்பு மையால் எழுதியிருந்தார்: 'அந்த இடைவெளி, நான் என்பது கரைகிற வாசல். இந்த அம்மாள் அந்த வாசலில் நாற்காலி போட்டு ரத்த அழுத்தம் பார்க்கிறார்.'

இது அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தால் புத்தகம் அவ்வளவுதான். காற்புள்ளி சார் பஸ்ஸிலேயே முடிவெடுத்தார். அலுவலகத்துக்கு வந்து, புதுத் தாளில் தட்டினார்: 'மூச்சைப் பற்றிய பகுதி அருமை. இன்னும் சற்று விரிவாக எழுதலாம்.' அதை எடுத்துக்கொண்டு ஊரின் மறுகோடிக்கு ஓடினார்.

ஆலோசகர் தாளை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"இதை அவரா எழுதினாரு?"

"அவரேதான் மேடம்."

"அருமைன்னா?"

"அருமைன்னுதான்."

அந்தத் தாளை மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். மறுநாள் மூச்சுப் பகுதி முழுவதையும் நீக்கிவிட்டு ஒரே வரி அனுப்பியிருந்தார்: 'இதைப் பேராசிரியர் என்னைவிடச் சிறப்பாக விளக்கியிருக்கிறார்.'

அந்த வரியோடு காற்புள்ளி சார் லிப்ட் ஓடாத கட்டடத்தில் நான்கு மாடி ஏறினார். பேராசிரியர் குதித்தார்.

"எட்டுப் பக்கம் மறுப்பு எழுதி வெச்சிருக்கேன். இப்ப யாரை மறுக்கறது? சுவத்தையா?"

"சார், அவங்க உங்க மேல மரியாதையில..."

"மரியாதையா? அந்தம்மா அப்படி விட்டுக்கொடுக்கற ஆளே இல்லையே! உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்காங்க சார்."

"நேரத்துக்குச் சாப்பிடுதா?"

எதிராளியின் பலவீனத்தை அளந்து பார்க்கிறார் மனுஷர் என்று மனதுக்குள் சபித்தபடி காற்புள்ளி சார் நான்கு மாடி இறங்கினார்.

பதினைந்தாம் தேதி வந்தது. காற்புள்ளி சார் முதலாளியம்மா முன்னால் போய் நின்றார்.

"அம்மா, இன்னும் ஒரு வாரம்..."

"ரெண்டு வாரமே எடுத்துக்கோங்க" என்று சிரித்தார் அவர்.

தேதி தவறியதற்காகச் சிரித்த முதலாளியைக் காற்புள்ளி சார் அதுவரை கண்டதில்லை.

நீக்கியதைத் திரும்ப எழுதிக் கொடுங்கள், இல்லாவிட்டால் பேராசிரியருடைய எட்டுப் பக்கம் வீண் என்று ஆலோசகரிடம் கெஞ்சினார். அவர் எழுதிக் கொடுத்தார். அன்றைய அலைச்சலில் காற்புள்ளி சார் அதைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் அப்படியே பேராசிரியரிடம் நீட்டிவிட்டார். பேராசிரியர் உரக்கப் படிக்கத் தொடங்கிய பிறகுதான் தவறு புரிந்தது.

"'நான் என்பது கரைய வேண்டும் என்று உங்கள் நூல்கள் சொல்கின்றன. என்னிடம் வருபவர்கள் ஏற்கெனவே கரைந்துபோய்த்தான் வருகிறார்கள். பேசப் பேச வீட்டில் யாரும் காது கொடுக்காமல் கரைந்தவர்கள். அவர்களைத் திரட்டிக் கொடுப்பது என் வேலை. இருந்தால்தானே கரைப்பதற்கு?'"

காற்புள்ளி சார் கண்ணை மூடிக்கொண்டார். இதோ, வெடிக்கப் போகிறது.

வெடிக்கவில்லை. "போயிட்டு வாங்க" என்றார் பேராசிரியர், தாளைப் பார்த்தபடியே.

மூன்று நாள் போனே இல்லை. நான்காம் நாள் புது அத்தியாயம் கொடுத்தார். பழைய நூல்கள் எதையும் அழிக்கச் சொல்லவில்லை. நீ முன்பே முழுமையானவன், அதை அடையாளம் கண்டுகொள் என்றுதான் சொல்கின்றன. அதை ஒருவர் வாய்விட்டு இன்னொருவருக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. மனச்சிகிச்சை அதைச் செய்கிறது. சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லத் தவறிய அறிஞர்களும் உண்டு. இப்படிப் போயிற்று அது.

அதே மாலை ஆலோசகரிடமிருந்தும் ஒரு கட்டு வந்தது. வாழ்நாள் முழுவதும் கேட்கிற தத்துவத்தை ஏழு நிமிடப் பயிற்சியாக வெட்டி விற்றது எங்கள் தவறு என்றிருந்தது.

இப்போது இடப்பக்கம் சிகிச்சைக்கு வக்காலத்து வாங்கியது. வலப்பக்கம் தத்துவத்தைத் தூக்கிப் பிடித்தது. பக்கங்களை மாற்றினால் பெயர்கள் தப்பாகும். பெயர்களை மாற்றினால் இருவரும் கொலை செய்வார்கள். முன்னுரையில் 'நேரெதிரான இரு பார்வைகள்' என்று காற்புள்ளி சாரே எழுதி, நான்கு காற்புள்ளியும் வைத்திருந்தார்.

"அடச்சே!" என்று பேனாவை எறிந்துவிட்டு முதலாளியம்மா அறைக்குள் போனார்.

"என்னால முடியலம்மா. ரெண்டு பேரையும் நேர்ல கூப்பிட்டு உக்கார வைங்க. அடிச்சுக்கிட்டாலும் சரி, ஒரு முடிவு தெரியட்டும்."

"நாளைக்குக் காலையில பத்து மணி" என்றார் முதலாளியம்மா. அவர் கை அதற்குள் போனுக்குப் போய்விட்டது.

இருவரும் வந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்தபடி நின்றார்கள். முதலாளியம்மா அவர்களை உள்ளே அனுப்பித் தானும் போய்க் கதவைச் சாத்தினார். காற்புள்ளி சார் வெளியே பெஞ்சில் தாள்கட்டோடு உட்கார்ந்தார். பத்து நிமிடம் போயிற்று. பிறகு யாரோ அழுவது கேட்டது. அப்புறம் சிரிப்பு. ஒரு மணி நேரம் ஆயிற்று. பொறுக்க முடியாமல் கதவைத் தட்டி எட்டிப்பார்த்தார்.

பேராசிரியர் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். ஆலோசகர் அவருடைய கண்ணாடியைத் தன் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தார். காற்புள்ளி சார் கண்விழித்துத் திருத்திய பக்கங்களின் மேல் மூன்று டீ டம்ளர்கள் வட்டம் வட்டமாகக் கறை போட்டிருந்தன.

"சார், அந்த சக்தி, எனர்ஜி மட்டும் எதுன்னு சொல்லிட்டீங்கன்னா..."

"எதை வேணாலும் போடுங்க" என்றார்கள் இருவரும்.

ஆறு வாரம்! எதை வேண்டுமானாலும் போடுவதற்கா ஆறு வாரம்? காற்புள்ளி சார் பல்லைக் கடித்துக்கொண்டு, மீதியிருந்த தாள்களோடு கீழ்த்தளத்து அச்சுக்கூடத்துக்குத் தடதடவென்று இறங்கினார். இருபது வருடமாக அங்கே இயந்திரம் ஓட்டும் அக்கா எண்ணெய்த் துணியில் கை துடைத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, தந்திரப் புத்தகத்தை இன்னிக்கே ஏத்திடுங்க. இனிமே ஒரு நாள்கூட என்னால தாங்க முடியாது."

அக்கா அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"அப்படி ஒரு புத்தகம் என் லிஸ்ட்லயே கிடையாது சார், ஒன்பது வருஷமா ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்க்காத தன் அண்ணனையும் அண்ணன் பொண்ணையும் பேச வைக்கத்தானே முதலாளியம்மா உங்களை வேலைக்கே எடுத்தாங்க!"