ஆமைக்காக ஹெல்மெட் போட்டவர்

டவுன் பஸ்ஸில் ஹெல்மெட் போட்டுக்கொண்டு பயணம் செய்த ஒரே மனிதர் இந்தியாவிலேயே எங்கள் ஹெல்மெட் அண்ணன்தான். இந்தியா என்று நான் சொல்வது அடக்கத்தால். உலகம் என்று சொன்னாலும் மறுக்க ஆள் இருக்காது.

அவரிடம் பைக் கிடையாது. ஓட்டவும் தெரியாது. தினமும் காலையில் ஆலங்குடியில் பஸ் ஏறி, புதுக்கோட்டையில் நாங்கள் வேலை பார்த்த ஃப்ளெக்ஸ் பேனர் கடைக்கு வருவார். அவருடைய கம்ப்யூட்டருக்கு அடுத்த கம்ப்யூட்டர் என்னுடையது. கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எதுவானாலும் டிசைன் செய்ய அவரிடம்தான் வருவார்கள். ஒரு குடும்பத்தின் அத்தனை தாய்மாமன்களையும், ஒருவர் மூக்கு இன்னொருவர் காதில் இடிக்காமல், ஒரே பேனரில் உட்கார வைக்கும் கலை அவருக்கு மட்டுமே தெரிந்திருந்தது.

அவருக்கு ஒரு வியாதி உண்டு. எதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளப் பிடிக்காது. மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறக்கும்வரை என்ன குழம்பு என்பதுகூட அவருக்குத் தெரியக் கூடாது. அண்ணி நல்லெண்ணத்தோடு போன் செய்து, "ஏங்க, புளிக்கொழம்பு ஊத்தியிருக்கேன், சாய்ச்சுப்புடாம..." என்று ஆரம்பித்தால், "கெடுத்தியே! கெடுத்தியே!" என்று அலறுவார். அன்றைக்கு முழுக்க முகம் தொங்கிக் கிடக்கும். கிரிக்கெட் நடக்கும் நாட்களில் ஸ்கோர் காதில் விழுந்துவிடுமோ என்று டீக்கடையைத் தாண்டும்போது மட்டும் ஓடுவார்.

இப்படிப்பட்டவருடைய வாழ்க்கையில்தான் அந்த ஆமை நுழைந்தது.

அவர் மகள் ஐந்தாம் வகுப்பு படித்தபோது, அப்பாவும் மகளுமாக ஒரு கார்ட்டூன் படம் பார்த்தார்கள். கடற்கரையில் தொலைந்துபோன ஒரு ஆமைக்குட்டியின் கதை. கடைசிக் காட்சியில் குட்டி தத்தித் தத்தி ஒரு கலங்கரை விளக்கத்தடிக்குப் போய்ச் சேர்கிறது. பின்னாலிருந்து அதன்மேல் ஒரு நிழல் விழுகிறது. குட்டி திரும்பிப் பார்க்கிறது. அதோடு படம் முடிந்துவிட்டது.

ஆலங்குடி வந்து சேரும்வரை பாப்பா பஸ்ஸில் அழுதுகொண்டே வந்ததாம். "அது யாருப்பா? நல்லவங்களா, கெட்டவங்களா?"

"ரெண்டாம் பாகத்துல தெரிஞ்சிரும்டா. நாம ரெண்டு பேரும் சேந்து பாப்போம். அதுவரைக்கும் நானும் தெரிஞ்சுக்க மாட்டேன், நீயும் தெரிஞ்சுக்கக் கூடாது. சரியா?"

சரி என்றது பாப்பா. படம் எடுத்தவர்கள்தான் அவசரப்படவே இல்லை. இரண்டாம் பாகம் வருவதற்குள் பாப்பா பத்தாம் வகுப்பு முடித்து, பன்னிரண்டு முடித்து, கோயம்புத்தூரில் காலேஜ் ஹாஸ்டலுக்கே போய்விட்டது. ஒருவழியாகப் படம் வெளியானபோது அங்கே செமஸ்டர் பரீட்சை. முடித்துவிட்டு ஊருக்கு வர இரண்டு வாரமாவது ஆகும். பாப்பா போன் செய்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டது.

"அப்பா, ஞாபகம் இருக்குல்ல?"

அண்ணனுக்கு அது போதும்.

படம் வெளியான மறுநாள் டீக்கடையில் இரண்டு பையன்கள், "மாப்ள, அந்த நெழலு யாருன்னு..." என்று ஆரம்பித்திருக்கிறார்கள். அண்ணன் கையிலிருந்த டீயை அப்படியே வைத்துவிட்டு ஓடிவந்தார். அடுத்த நாள் காலையில் அவர் பஸ்ஸிலிருந்து இறங்கியபோது தலையில் ஹெல்மெட் இருந்தது. அதற்குள்ளே காதில் பஞ்சு வேறு.

கண்டக்டர் கேட்டாராம், "என்னண்ணே, எங்க டிரைவர் மேல நம்பிக்கை இல்லியா?"

அண்ணனுக்குக் கேட்கவில்லை. "ஒரு புதுக்கோட்டை" என்றாராம்.

அந்த ஹெல்மெட் துபாயில் இருக்கும் அவருடைய மச்சானுடையது. அதுவும் ஒரு வேடிக்கைதான். ஏனென்றால் அண்ணன் பயந்ததிலேயே பெரிய பயம் அந்த மச்சானைப் பார்த்துத்தான். அங்கே படம் ஒரு நாள் முன்னாடியே வெளியாகிவிட்டது. மச்சான் முதல் காட்சியே பார்த்துவிட்டு, குடும்ப வாட்ஸப் குரூப்பில், "மாமாவுக்கு ஒரு முக்கியமான சேதி, குரலில் அனுப்புகிறேன்" என்று போட்டிருக்கிறார். மச்சான் மைக்கை அமுக்குவதற்குள் அண்ணன் குரூப்பை விட்டே வெளியேறிவிட்டார்.

குடும்பக் குரூப்பிலிருந்து சொல்லாமல் வெளியேறுவது எங்கள் பக்கத்தில் சாதாரண விஷயமா? சொத்துத் தகராறு என்று ஒரு கட்சி, சீரில் குறை என்று ஒரு கட்சி. மூன்றாம் நாள் அறந்தாங்கியிலிருந்து அவருடைய பெரியப்பா, தாம்பூலப் பையில் பழத்தோடு கடைக்கே வந்துவிட்டார்.

"என்னப்பா, நாங்க ஒனக்கு என்ன கொற வச்சோம்? எதுன்னாலும் பெரியவங்க நாங்க இருக்கோம், பேசித் தீத்துக்கலாம்ல?"

அண்ணன் ஹெல்மெட்டின் கண்ணாடியை மட்டும் மேலே தூக்கினார். "கொறையெல்லாம் ஒண்ணுமில்ல பெரியப்பா. ஆமைக்காகத்தான்."

பெரியப்பா ஹெல்மெட்டை மேலும் கீழும் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஏம்மா, தம்பிக்கு எத்தன நாளா இப்புடி இருக்கு?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். பழத்தை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

வீட்டில் அண்ணி பொறுமை இழந்துவிட்டார். "ஆமை புகுந்த வீடு வெளங்காதுன்னு சும்மாவா சொன்னாங்க? இது மண்டைக்குள்ளேயே புகுந்திருச்சு" என்று போனில் என்னிடம் புலம்பினார். ஆனாலும் தினமும் ஹெல்மெட்டுக்குள் வைக்க அவர்தான் புதுப் பஞ்சு எடுத்துக் கொடுத்தார்.

கடையில்தான் விபரீதம் நடந்தது. கறம்பக்குடிப் பக்கத்திலிருந்து ஒருவர் பேத்திக்குக் காதுகுத்து என்று வந்தார். விவரமெல்லாம் வாயால்தான் சொன்னார். நான் சாப்பிடப் போயிருந்த நேரம். அண்ணன் ஹெல்மெட்டோடு கேட்டு, ஹெல்மெட்டோடு டைப் அடித்து, பிரிண்டுக்கும் அனுப்பிவிட்டார். மறுநாள் அந்தப் பெரியவர் பேனரைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு மூச்சிரைக்க வந்தார். கடை நடுவே விரித்தார்.

"எங்கள் இல்லக் காலணி விழாவிற்கு வருகை தரும் தாய்மாமன்களை வருக வருக என வரவேற்கிறோம்!"

காதணி, காலணி ஆகிவிட்டது.

"ஏங்க, எம்பேத்திக்கு செருப்பு மாட்டி விடுறதுக்கா தாய்மாமன் சீர் தூக்கிட்டு வாரான்? ஊரே சிரிக்குதுங்க!"

முதலாளி பெரியவரைச் சமாதானப்படுத்தி, உடனே வேறு பேனர் அடித்துக் கொடுத்து அனுப்பினார். பிறகு அண்ணன் பக்கம் திரும்பினார்.

"ஒண்ணு ஹெல்மெட்டக் கழட்டு. இல்லாட்டி வேலைய விட்டுக் கெளம்பு."

அண்ணன் கழற்றினார். காதிலிருந்த பஞ்சையும் எடுத்து மேசையில் வைத்தார். "கழட்டிட்டேங்க. ஆனா கஸ்டமர் யாராச்சும் படத்தப் பத்திப் பேசிட்டா, எம்புள்ளைக்கு நான் என்ன பதில் சொல்றது?"

முதலாளி கடைசியாகப் படம் பார்த்தது அவருடைய கல்யாணத்துக்கு முன்னால். அவர் தலையைச் சொறிந்துகொண்டே உள்ளே போனார். சாயங்காலம் கடை வாசலில் ஒரு புது பேனர் தொங்கியது. அவரே சொல்லி என்னை அடிக்க வைத்தது.

"இங்கு ஆமையைப் பற்றிப் பேசக் கூடாது. மீறினால் ஆர்டர் எடுக்கப்பட மாட்டாது. இப்படிக்கு, நிர்வாகம்."

அதன் பிறகு வந்தவர்களெல்லாம் முதலில் கேட்டது, "என்னங்க அது, ஆமை?" என்றுதான். ஆனால் விஷயத்தைச் சொன்னதும் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. பிறந்தநாளுக்கு ஆமைக்குட்டி படம் போட்டு பேனர் கேட்டு வந்தவர்கள்கூட, அண்ணனைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தி, "ஒங்களோட கம்ப்யூட்டர்ல பாத்துக்கலாம்ங்க" என்று என்னிடம் வந்து உட்கார்ந்தார்கள். ஹெல்மெட் இப்போது பஸ்ஸுக்கும் தெருவுக்கும் மட்டும். எங்கள் கடைக்குள் அவர் பத்திரமாக இருந்தார்.

பாப்பா ஊருக்கு வருவதற்கு முந்தின நாள். அண்ணன் கடைக்குள் நுழைந்தார். தலையில் ஹெல்மெட் இல்லை. கையிலும் இல்லை.

"என்னண்ணே, ஹெல்மெட்ட பஸ்ஸுலயே விட்டுட்டீங்களா?"

"வீட்டுலயே வச்சுட்டேம்மா. இனிமே எதுக்கு?"

அவர் நாற்காலியில் உட்கார்ந்து, கம்ப்யூட்டரைப் போடாமல் கையைக் கட்டிக்கொண்டார்.

நடந்தது இதுதான். முந்தின நாள் சாயங்காலம் ஆலங்குடியில் பஸ்ஸை விட்டு இறங்கியிருக்கிறார். ஹெல்மெட்டும் பஞ்சும் அதது இடத்தில் சரியாக இருந்திருக்கின்றன. நிமிர்ந்து பார்த்தால் எதிரே பத்தடி உயரத்தில் ஒரு பிறந்தநாள் பேனர். வேறு ஏதோ கடையில் அடித்தது. நடுவில் குழந்தை, ஒரு பக்கம் ஆமைக்குட்டி, மறு பக்கம் ஆமைக்குட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அந்த நிழலுக்குச் சொந்தக்காரர். ஹெல்மெட் காதை மூடும். கண்ணை மூடாதே.

"டிசைன் நல்லாத்தாம்மா பண்ணியிருந்தான்" என்றார் அண்ணன். "கலருதான் கொஞ்சம் தூக்கல்."

சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முதலாளி தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். குடித்து முடித்ததும் அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பாப்பாவுக்குத் தெரியக் கூடாது. அது இன்னும் ஒண்ணும் தெரியாம காத்துக்கிட்டு இருக்கு. நான் தோத்துட்டேன்னு தெரிஞ்சா அதுக்கு மனசு விட்டுப்போயிரும். ரெண்டு பேரும் சத்தியமா யாருட்டயும் சொல்லிராதீங்க."

மறுநாள் பாப்பாவைக் கூப்பிடப் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் போனபோது, வீட்டிலிருந்து ஹெல்மெட்டை எடுத்து வந்து, பஞ்சும் வைத்து, முறையாக மாட்டிக்கொண்டு போய் நின்றார். பாப்பா பஸ்ஸிலிருந்து இறங்கி, அவரைப் பார்த்து, சிரித்த சிரிப்பில் அங்கே நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மத்தியானக் காட்சிக்குக் கடையை மூடிவிட்டு எல்லோரும் போனோம். அண்ணியும் வந்தார். முதலாளியும் வந்தார். முதல் பாகம் பார்க்காததால், "இந்த ஆமைக்கு என்ன கஷ்டம்?" என்று அண்ணியிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். அண்ணி அவ்வளவு நாள் திட்டியவர், ஒன்று விடாமல் கதை சொன்னார்.

கலங்கரை விளக்கம் வந்தது. தியேட்டரே மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. குட்டியின்மேல் நிழல் விழுந்தது. குட்டி இன்னும் திரும்பவில்லை. திரையில் நிழலைத் தவிர வேறொன்றும் இல்லை.

"ஐயோ, இவங்களா!" என்று அண்ணன் அலறினார்.

முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் நெற்றியில் கை வைத்துக்கொண்டேன். அதற்கப்புறம்தான், நிதானமாக, திரையில் அந்த முகம் தெரிந்தது.

பக்கத்தில் பாப்பாவின் குரல் கேட்டது. "ஆமாப்பா! நான் நெனச்சே பாக்கலப்பா!"

திரும்பிப் பார்த்தேன். அப்பாவின் கையை இரண்டு கையாலும் பிடித்திருந்தது அந்தப் பிள்ளை. அண்ணன் முகத்தில் அப்படி ஒரு பெருமை. அந்தப் படத்தை அவரே எடுத்தது மாதிரி.

அந்த நிழல் யாருடையது என்று நான் இங்கே எழுதப்போவதில்லை. அவ்வளவு பாடு பட்ட மனுஷனைத் தெரிந்துவைத்துக்கொண்டு, அந்தப் பாவத்தை நான் செய்ய மாட்டேன்.

படம் முடிந்து அண்ணன் எல்லோருக்கும் டீ வாங்கப் போனார். பாப்பா என் அருகில் வந்து நின்றது.

"அக்கா, அப்பாவுக்கு முன்னாடியே தெரிஞ்சுபோச்சுல்ல?"

நான் வாயைத் திறக்கவில்லை. சத்தியம் செய்திருக்கிறேனே.

"முகம் தெரியறதுக்கு முன்னாடியே கத்திட்டாருக்கா. என்னைக்குத் தெரிஞ்சுச்சு?"

நான் அண்ணன் போன பக்கம் பார்த்தேன். அது என் முகத்தையே பார்த்துவிட்டுச் சிரித்தது. சிரிக்கும்போதே கண் நிறைந்துவிட்டது.

"நான் கண்டுபிடிச்சுட்டேன்கறது அவருக்குத் தெரிய வேணாம்க்கா."

அதனால் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். ஆலங்குடி பஸ்ஸில் போகும்போது இந்த இதழைப் படிக்கிறீர்கள் என்றால், பக்கத்து சீட்டை ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். வழியில் வரும் பேனரையெல்லாம் எட்டி எட்டிப் பார்த்து, எழுத்து சரியில்லை, கலர் சரியில்லை என்று தனக்குள் முணுமுணுக்கும் ஒருவர் அங்கே இருந்தால், தயவுசெய்து இந்தப் பக்கத்தைத் திருப்பிவிடுங்கள். தான் ஜெயித்துவிட்டதாக அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். நினைத்துக்கொண்டே இருக்கட்டும்.