விரியாத குழாய்

குழாய் மறுபடியும் வாய் பிளந்தது.

"போச்சு" என்றாள் பூர்ணிமா.

"முழுசா போகல மேடம். இந்தப் பக்கம் பாருங்க, நல்லாத்தான் இருக்குது" என்றார் லேத் ஓட்டும் சக்கரபாணி. எந்த விபத்திலும் ஒரு நல்ல பக்கத்தைக் கண்டுபிடித்துவிடுகிறவர் அவர்.

சாரம் பகுதியில் ஒரு சந்துக்குள் இருந்தது அந்தப் பட்டறை. சுழலும் அச்சில் அலுமினிய அலாய் குழாயை மாட்டி, ரோலரால் அழுத்தி, அதன் சுவரைத் தாள் போல மெலிதாக்க வேண்டும். தாள் போல ஆனது என்னவோ நிஜம்தான். கூடவே தாள் போலக் கிழியவும் செய்தது.

இன்ஜினியரிங் முடித்த பூர்ணிமாவுக்கு இது முதல் வேலை. சென்னை ஆர்டரை ஒழுங்காக முடித்தால் நிரந்தரம் என்று முதலாளி தேவதாஸ் சொல்லியிருந்தார். முடிக்காவிட்டால் என்ன என்பதை அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

தேவதாஸ் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர். பால்காரரைக்கூட பிரெஞ்சுக்காரர் மாதிரி, ஐயா என்பதற்குப் பதில் 'மிசே' என்றுதான் கூப்பிடுவார். இப்போது அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"இன்னுமாம்மா விரியுது? அந்தக் கம்பெனிக்காரரு போன்ல கிராக், கிராக்னு அத்தினி தபா சொன்னாரு. லைனு வேற கரகரன்னுது. அந்தக் கவலைய எங்கிட்ட வுடுங்க மிசேன்னு சொல்லிட்டேன். நாளைக்கு வந்து நிப்பாரு!"

"வேகத்தைக் குறைச்சுப் பார்க்கிறேன் சார்."

குறைத்தாள். விரிசல் விழவில்லை. பதிலாக, பொரித்த அப்பளம் மாதிரி குழாய் முழுக்கச் சுருக்கம் விழுந்தது.

"டிசைனு நல்லாருக்கு மேடம்" என்றார் சக்கரபாணி.

சுருக்கம் போக ரோலரை இன்னும் அழுத்தச் சொன்னாள். 'டப்' என்று ஒரு சத்தம். குழாய் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பிளந்தது. எதிர் டீக்கடைக்காரர் கிளாஸைக் கையில் பிடித்தபடியே ஓடிவந்து, "யாருக்கு என்னா ஆச்சு?" என்றார்.

"எனக்குத்தான்" என்றாள் பூர்ணிமா.

உலோகம் விறைத்துப் போவதுதான் கோளாறு, காய்ச்சி ஆறவிட்டால் இளகும் என்று அவளுக்குப் பட்டது. எவ்வளவு காய்ச்சுவது? கல்லூரியில் ஒரு தந்திரம் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். குழாயின் மேல் சோப்பால் கோடு போட்டுச் சூடேற்ற வேண்டும். கோடு கறுத்ததும் நெருப்பை நிறுத்திவிட வேண்டும்.

சக்கரபாணி ஓடிப்போய்ச் சோப்பு வாங்கி வந்தார். கோடு போட்டு நெருப்பைக் காட்டினார்கள்.

"கறுத்துடிச்சாண்ணே?"

"அது மொதல்லேயே கறுப்புதான் மேடம். மூலிகைச் சோப்பு. ஒடம்புக்கு ரொம்ப நல்லதுன்னு கடைக்காரன் சொன்னான்."

அவள் பதறி நெருப்பை அணைப்பதற்குள் குழாய் அல்வா போலச் சாய்ந்து உட்கார்ந்துவிட்டது. பட்டறை முழுக்க வேப்பிலைப் புகை. தேவதாஸ் இருமிக்கொண்டே வந்து, "கொசு மருந்து அடிக்க இதாம்மா நேரம்?" என்று கத்தினார்.

பூர்ணிமாவுக்கு அழுகை வந்தது. கூடவே ரோஷமும் வந்தது. தானே போய் வெள்ளைச் சோப்பு வாங்கினாள். ஒரே மூச்சில் மெலிதாக்காமல், கொஞ்சம் அழுத்தி, காய்ச்சி, ஆறவிட்டு, மறுபடி கொஞ்சம் அழுத்தினாள். வேகத்தையும் நடுவாக வைத்தாள். மதியச் சாப்பாடு டப்பாவிலேயே கிடந்தது.

சாயங்காலம் லேத்திலிருந்து குழாய் இறங்கியது. வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முடி அளவுகூட விரிசல் இல்லை. அடுத்ததிலும் இல்லை. அதற்கடுத்ததிலும் இல்லை!

சக்கரபாணி இந்த முறை நல்ல பக்கத்தைத் தேடவில்லை. எல்லாப் பக்கமும் நன்றாகவே இருந்தது.

"விரிஞ்சது ஒண்ணுகூட அவரு கண்ணுல படக்கூடாது" என்று தேவதாஸ் காயலான் கடை அம்மாவாசையைக் கூப்பிட்டு, கிழிந்த குழாய்களை எல்லாம் அள்ளிக் கொடுத்தார். மறுநாள் காலைக்குள் அவை உருகிக் கட்டியாகிவிட்டன.

பத்து மணிக்குச் சென்னைக் கம்பெனியிலிருந்து செல்வகுமார் என்ற இளைஞர் வந்தார். குழாய்களை ஒவ்வொன்றாக எடுத்தார், தட்டினார், லென்ஸ் வைத்துப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் முகம் சுருங்கியது.

"ஒண்ணுலகூட விரிசல் இல்லையே மேடம்!"

"இல்லவே இல்ல சார்" என்றாள் பூர்ணிமா, பூரித்துப்போய். தேவதாஸ் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

செல்வகுமார் தலையில் கைவைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார்.

"நாங்க செய்யறது விரிசல் கண்டுபிடிக்கிற மெஷின் மேடம், அதைச் சோதிக்க நல்லா விரிஞ்ச குழாய் எங்க கிடைக்கும்னு ஊரெல்லாம் விசாரிச்சப்போ, எல்லாரும் ஒரே வாயா உங்க பட்டறையத்தானே கைகாட்டினாங்க!"