சின்னத் தட்டில் சம்பந்தி விருந்து

உளவியல் படிப்பில் முதல் வருஷம்தான் மிகவும் ஆபத்தானது. மருத்துவம் படிக்கிற பிள்ளைகள் முதல் வருஷத்தில் உலகத்திலுள்ள எல்லா நோயும் தங்களுக்கு இருப்பதாக நினைத்துக்கொள்வார்களாம். உளவியல் படிக்கிறவர்கள் அதெல்லாம் வீட்டில் உள்ளவர்களுக்கு இருப்பதாக நினைத்துக்கொள்கிறோம். நான் ஆம்பூரிலிருந்து வேலூருக்குத் தினமும் பஸ்ஸில் போய் எம்.எஸ்சி. படித்தேன். காலையில் சாதாரண தீபாவாக ஏறுவேன், சாயங்காலம் அறிஞராக இறங்குவேன். அப்பா டி.வி. ரிமோட்டைக் கையை விட்டுக் கீழே வைக்காததற்கு ஒரு காரணம் சொல்வேன். அம்மா ஒரு புடவைக்காகக் கடை கடையாக ஏறி இறங்குவதற்கு ஓர் ஆராய்ச்சி சொல்வேன். "காசு கட்டிப் படிக்கவெச்சா இவ நம்மளயே படிக்கிறா" என்று அம்மா புலம்புவார்.

அம்மா ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவு சூப்பர்வைசர். அவருக்குக் கீழே ஒரு லைன் முழுக்கப் பெண்கள். ஷூவின் மேல்தோலில் ஒரு தையல் கோணினாலும் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவார். அப்படிப்பட்டவர் என் பேச்சை ஒரே ஒரு தடவை நம்பினார். அது என் அக்கா ரம்யாவின் கல்யாணத்துக்குப் பிறகு, அவளும் மாப்பிள்ளையும் மறுவீடு வந்திருந்தபோது எங்கள் வீட்டில் வைத்த கறி விருந்து நாள்.

அக்காவைக் கொடுத்தது ஆற்காட்டை அடுத்த கலவைப் பக்கம், நல்ல விவசாயக் குடும்பம். கல்யாணத்தை அவர்கள் ஊரிலேயே வைத்துக்கொண்டார்கள். அங்கே அக்காவின் மாமியார் (நான் அத்தை என்று கூப்பிடுவேன்) எங்கள் பந்தி வரிசையில் தானே நடந்து வந்து, ஒவ்வொரு இலையிலும் கைவைத்துத் தடுத்தவர்களின் விரல் சந்து வழியாகச் சாம்பாரை ஊற்றினார். திரும்பி வரும்போது எங்கள் வேனில் யாராலும் நேராக உட்கார முடியவில்லை. "நம்ம வீட்டு விருந்துல இதுக்கு மேல செய்யணும். இல்லன்னா ரம்யா அந்த வூட்ல காலம் பூரா பேச்சு கேக்கணும்" என்றார் அம்மா. அப்பா வழியிலேயே ஃபோன் போட்டு, "சம்மந்தி, ஆம்பூர் பிரியாணின்னா இன்னான்னு எங்க வூட்ல வந்து பாருங்க" என்று சவால் விட்டுவிட்டார்.

அவர்களும் பார்க்க வந்தார்கள். ஒரு வேன் என்று சொன்னவர்கள் விருந்தன்று காலை ஆற்காட்டைத் தாண்டிய பிறகு ஃபோன் செய்தார்கள். "பிரியாணின்னு சொன்னதும் சனம் ஜாஸ்தியாய்டுச்சிங்க. ரெண்டு வேனா வர்றோம்."

அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. பின்பக்கத்தில் பிரியாணி சமைத்துக்கொண்டிருந்த சலீம் பாயிடம் ஓடினார். தேக்சா என்கிற பெரிய அண்டா அடுப்பில் ஏறி, மூடி மேல் நெருப்புத் துண்டங்களும் வைத்தாகிவிட்டது. "தம் போட்டாச்சிமா. இனிமே அரிசி போட்டா கஞ்சிதான் வரும்" என்றார் பாய். அப்பா மாடிப்படியில் உட்கார்ந்து தலையில் கைவைத்துக்கொண்டார். அந்த இடத்தில்தான் நான் தொண்டையைச் செருமினேன்.

"அம்மா, பேஜார் ஆவாத. இதுக்கு ஆராய்ச்சி இருக்கு."

வயிறு நிறைவது வேறு, நிறைந்ததாக மனம் நினைப்பது வேறு என்று ஆரம்பித்தேன். பெரிய தட்டில் கொஞ்சமாகத் தெரியும் சாப்பாடு சின்னத் தட்டில் ஜாஸ்தியாகத் தெரியும். கண் நிறைந்தால் ஆள் கம்மியாகச் சாப்பிடுவான். மெதுவாகச் சாப்பிட்டால் வயிறு நிறைந்த செய்தி மூளைக்குப் போய்ச் சேர நேரம் கிடைக்கும். (சின்னத் தட்டு விஷயம் அவ்வளவு உறுதியில்லை என்று பின்னாளில் வேறு சிலர் எழுதினார்கள். கொஞ்சம் முன்னாலேயே எழுதித் தொலைத்திருக்கலாம்.) வேறு நாளாக இருந்தால் அம்மா கரண்டியைத் தூக்கியிருப்பார். அன்று கதியற்றுப்போய், "இன்னாவோ பண்ணுடி, பத்தாம மட்டும் போய்டக் கூடாது" என்று சொல்லிவிட்டார்.

அவ்வளவுதான், வீடு என் ஆய்வுக்கூடமாயிற்று. முதல் வேலையாகத் தலைவாழை இலைக் கட்டை ஒளித்துவைத்தேன். இலைக்கு எல்லையே கிடையாது, விஞ்ஞானத்துக்கு அது ஒத்துவராது. பஜாருக்குப் போய்ப் பாக்குமட்டைத் தட்டு வாங்கினேன், கோயிலில் சுண்டல் வைத்துக் கொடுப்பார்களே, அந்த அளவு. மொட்டை மாடிப் பந்தலில் குத்துப்பாட்டை நிறுத்திவிட்டு மிக மெதுவான புல்லாங்குழல் இசையைப் போட்டேன். பரிமாற வந்திருந்தவர்கள் அம்மாவின் லைன் அக்காக்கள். அவர்களை வரிசையாக நிற்கவைத்துப் பாடம் எடுத்தேன்.

"ஒரு தடவ வைங்க. அப்புறம் வேணுமான்னு கேளுங்க. வேணும்னா வைங்க. போதும்னா அடுத்த ஆளுக்குப் போய்டுங்க. வற்புறுத்தக் கூடாது. ஒருத்தர் வேணாம்னு சொன்னா அத நாம மதிக்கணும்."

அவர்களில் மூத்தவரான வசந்தா அக்கா மட்டும் சந்தேகத்தோடு பார்த்தார். "சம்மந்தி வூட்டுக்காரங்களாச்சே பாப்பா, ஒரு வாட்டிதான் கேக்கணுமா?"

"ஒரு வாட்டிதான்கா. அவங்க சொல்றத நம்புங்க."

அம்மா அருகில் நின்றால் எல்லோரையும் வற்புறுத்திப் பரிசோதனையைக் கெடுத்துவிடுவார் என்பதால், அவரைக் கீழே அக்காவின் பெட்டிகளைக் கட்ட அனுப்பிவிட்டேன். அப்பாவை வாசலில் வரவேற்புக்கு நிறுத்தினேன். பந்திக்கு நானே ராணி.

இரண்டு வேனும் வந்தன. எல்லோரும் மாடி ஏறி உட்கார்ந்தார்கள். வரிசையில் முதலாவதாக உட்கார்ந்தவர் மாப்பிள்ளையின் பெரியப்பா, ஓங்குதாங்கான ஆள். அவர் தட்டை எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "இது இன்னாமா, ருசி பாக்கறதுக்கா?" என்றார். நான் படித்த சிரிப்பாகச் சிரித்தேன். புல்லாங்குழலைக் கேட்ட ஒரு கிழவி, "யாருக்கு ஒடம்பு சரியில்ல?" என்று பக்கத்தில் விசாரித்தார்.

பிரியாணி வந்தது. கத்திரிக்காய்த் தொக்குக்கும் வெங்காயப் பச்சடிக்கும் தட்டில் இடமில்லாததால் அவை பிரியாணி மேலேயே ஏறி உட்கார்ந்தன. பெரியப்பா நான்கு வாயில் தட்டைக் காலி செய்தார். வசந்தா அக்கா பாத்திரத்தோடு வந்து, "வேணுங்களா?" என்றார்.

பெண் வீட்டுக்கு முதல்முறை வந்த மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் இதற்கு என்ன சொல்வார்? கையைத் தட்டுக்கு மேல் குடையாக விரித்து, "போதும், போதும்" என்றார். சொல்லிவிட்டு, வழக்கப்படி அடுத்த கரண்டி வந்து விழும் என்று கையை லேசாக விலக்கியும் வைத்தார். வசந்தா அக்கா என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். அவர் அடுத்த ஆளுக்குப் போய்விட்டார்.

பெரியவரே போதும் என்றபிறகு அடுத்தவர் எப்படி வேணும் என்பார்? அவரும் போதும் என்றார். மூன்றாமவரும் போதும். வரிசை முழுக்கப் போதும் போதும் என்று கைகள் விரிந்தன. எல்லோருக்கும் பசி. ஆனால் ஒவ்வொருவரும் மற்றவர்களுக்கெல்லாம் வயிறு நிறைந்துவிட்டது, தான் மட்டும்தான் பெருந்தீனிக்காரன் என்று நினைத்துக்கொண்டு அடக்கமாக உட்கார்ந்திருந்தார். இப்படிக் கூட்டமாக ஏமாறுவதைப் பற்றி முந்தின வாரம்தான் வகுப்பில் படித்து, பரீட்சையில் நல்ல மார்க்கும் வாங்கியிருந்தேன். கண்ணெதிரே நடந்தபோது எனக்குத் தெரிந்ததெல்லாம் சின்னத் தட்டின் வெற்றிதான். பெண்கள் பந்தியிலும் அத்தை "போதும்மா" என்றார், அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்காவும் புதுப்பெண் வெட்கத்தில் "போதும்" என்றாள். நான் பூரித்துப்போய் நின்றேன்.

கைகழுவினார்கள், பீடா போட்டார்கள், "ரொம்ப திருப்திங்க" என்று அப்பாவிடம் கும்பிட்டுவிட்டு, அக்காவையும் மாப்பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். இரண்டு வேனும் தெருமுனை திரும்பியதும் பின்பக்கத்திலிருந்து சலீம் பாயின் குரல் கேட்டது. தேக்சா மூடியைக் கையில் வைத்துக்கொண்டு, கண் கலங்கி நின்றார். உள்ளே பாதிக்கு மேல் பிரியாணி அப்படியே இருந்தது.

"நல்லால்லயாமா? உப்பு கம்மியா? என் கையால செஞ்சது இவ்ளோ மிஞ்சினதே இல்ல!"

அம்மா வந்து எட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எல்லாரும் போதும்னுட்டாங்கமா" என்றேன், பெருமையாக.

"எத்தினி வாட்டி கேட்ட?"

"ஒரு வாட்டி."

அம்மா அங்கேயே விறகுக் கட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். "போச்சி. சம்மந்தி வூட்டுச் சனத்த பட்டினியா அனுப்பிட்டியேடி! எம்பொண்ணு இனிமே அங்க எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டுச் சோறு தின்னுவா?" என்று அழுதார். அம்மா அழுது நான் பார்த்ததில்லை. படித்ததெல்லாம் ஒரே நொடியில் மறந்துபோய், மடத்தனம் செய்துவிட்டோம் என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

அம்மா சட்டென்று எழுந்தார். பெரிய எவர்சில்வர் தூக்கில் பிரியாணியை அழுத்தி நிரப்பினார். "வண்டிய எடு. வேன் இன்னும் ஊர் தாண்டியிருக்காது. வழியில நிறுத்தி கால்ல வுழுந்தாவது குடுத்துட்டு வர்லாம்."

நான் ஸ்கூட்டரை ஓட்ட, அம்மா பின்னால் தூக்கை மடியில் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார, பைபாஸில் பறந்தோம். அதிக தூரம் போகவேண்டியிருக்கவில்லை. ஊர் எல்லையில் இருக்கும் ஒரு பிரியாணிக் கடை வாசலில் இரண்டு வேனும் நின்றுகொண்டிருந்தன.

கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தோம். கலவைச் சனம் மொத்தமும் உள்ளே இருந்தது. எல்லோருக்கும் முன்னால் அகலமான வாழை இலை. பெரியப்பா இரண்டு முழங்கையையும் மேசையில் ஊன்றி மும்முரமாக இருந்தார். நடுவில் என் அக்கா, கல்யாணப் பட்டுப்புடவையோடு, ஒரு கையில் எலும்புத்துண்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அம்மா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். அக்கா எலும்பை இலைக்கு அடியில் ஒளித்தாள். பெரியப்பாதான் முதலில் சுதாரித்தார்.

"வண்டில காத்து கம்மிங்க சம்மந்தி. அத புடிக்கிற வரைக்கும் சும்மா ஒக்காருவானேன்னு..." என்றார், வாயில் பிரியாணியோடு.

அப்புறம்தான் தெரிந்தது நடந்தது. வேன் கிளம்பிக் கொஞ்ச நேரம் எல்லோரும் உம்மென்று வந்திருக்கிறார்கள். அந்த அமைதியில் அக்காவின் வயிறு கடகடவென்று சத்தம் போட்டிருக்கிறது. அத்தை திரும்பி, "பசிக்குதா கண்ணு?" என்று கேட்டாராம். அக்கா அழுதுகொண்டே ஆமாம் என்றாளாம். உடனே பெரியப்பா, "எனக்குந்தான்!" என்று கத்த, ஒவ்வொரு சீட்டிலிருந்தும் எனக்கும் எனக்கும் என்று குரல் வந்திருக்கிறது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, எங்கள் குடும்ப மானத்தைக் காப்பாற்ற என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டாள். தட்டு, புல்லாங்குழல், ஒரு வாட்டிக் கணக்கு எல்லாவற்றையும் சொல்லி, எங்க அம்மாமேல தப்பில்ல, தங்கச்சி படிப்புதான் காரணம் என்று முடித்திருக்கிறாள்.

அம்மா தூக்கை மேசையில் வைத்து, "மன்னிச்சிடுங்க சம்மந்தி" என்று கைகூப்பினார். (வெளிச் சாப்பாடு உள்ளே கொண்டுவரக் கூடாது என்று கடைக்காரர் ஆரம்பித்தார். பெரியப்பா திரும்பிப் பார்த்ததும் கல்லாவுக்குப் போய்விட்டார்.) அத்தை எழுந்து அம்மாவின் கையைப் பிடித்து இறக்கினார்.

"இன்னாங்க நீங்க, பச்சப்புள்ள பண்ணதுக்கு! மொதல்ல ஒக்காருங்க. நீங்க சாப்டீங்களா?"

"ஆச்சிங்க, போதும்ங்க" என்றார் அம்மா. காலையிலிருந்து பச்சைத்தண்ணீர் கூடக் குடிக்கவில்லை.

"அதெல்லாம் வுடமாட்டேன்" என்று அத்தை அம்மாவைத் தோளைப் பிடித்து உட்காரவைத்து, எங்கள் தூக்கிலிருந்தே எடுத்துப் போட்டார். அம்மா இலைமேல் கைவிரித்தார். கைமேலேயே பிரியாணி விழுந்தது. அழுத முகத்தோடு அம்மா சிரித்துவிட்டார். எனக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

பிறகு அத்தை என் பக்கம் திரும்பினார். கரண்டியில் நல்ல கறித்துண்டு ஒன்று இருந்தது. "ஒனக்கு வேணுமா தீபா?"

எனக்குக் கண் இருட்டுகிற பசி. ஆனால் வளர்ப்பு என்று ஒன்று இருக்கிறதே, வாய் தானாகச் சொன்னது. "போதும் அத்தை."

"சரி" என்று சொல்லிவிட்டு அத்தை அந்தக் கறித்துண்டைப் பெரியப்பா இலையில் வைத்துவிட்டார்.

கடையே சிரித்தது. கைகழுவும் இடத்தில் நின்ற முன்பின் தெரியாத ஆள்கூடச் சிரித்தார். மனித மனத்தைப் பற்றி அந்த இரண்டு வருஷத்தில் நான் படித்த எதுவும் அந்தக் கறித்துண்டு அளவுக்கு மனதில் பதியவில்லை. இப்போது நானும் ஒரு ஷூ கம்பெனியில் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். "ஒண்ணும் கொறை இல்ல மேடம்" என்று யாராவது சொன்னால், டீ வாங்கிக் கொடுத்து இன்னும் இரண்டு தடவை கேட்பேன்.

கலவையில் மட்டும் எனக்கு விமோசனமே இல்லை. எந்த விசேஷத்துக்குப் போனாலும் ஊருக்கெல்லாம் விரல் சந்தில் ஊற்றுகிற அத்தை, என்னிடம் வந்தால் ஒரே வாட்டிதான் கேட்பார். நானும் வெட்கத்தை விட்டு, "வேணும் அத்தை, இன்னும் வைங்க" என்று கேட்டு வாங்கப் பழகிவிட்டேன்.

என்னைப் பெண் பார்க்க வாணியம்பாடியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தபோது அத்தையும் வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளையை எனக்குப் பார்த்த உடனேயே பிடித்துவிட்டது. அவருடைய அப்பா, "பொண்ணுக்குச் சம்மதமாம்மா?" என்று கேட்டார். பெண்கள் அந்த இடத்தில் செய்வதையே நானும் செய்தேன். தலையைக் குனிந்துகொண்டு, "அப்பா அம்மா இஷ்டம்..." என்று இழுத்தேன்.

"அடியே தீபா!" என்று அத்தை அதட்டினார். "ஒரு வாட்டிதான் கேப்பாங்க!"

பதறிப்போய் நிமிர்ந்து, கூடம் அதிர, "வேணும்!" என்று கத்திவிட்டேன். என் கணவர் இன்றுவரை யாரிடம் என்னை அறிமுகப்படுத்தினாலும், "பிரியாணி கேக்கற மாதிரி என்னைக் கேட்டு வாங்கிக்கிட்டவங்க" என்றுதான் ஆரம்பிக்கிறார்.