ஹாரனுக்குள் போன வசனம்

அந்த ஒரு வசனம் மட்டும் ரயில் ஹாரனுக்குள் போய்விட்டது. பிரின்சி ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"கேக்கல பீட்டர் அண்ணா. செண்பகம் அக்கா வாய்தான் அசையுது. பேசறது வண்டி."

பிரின்சிக்குக் கும்மிடிப்பூண்டியில் கார் உதிரிபாகக் கம்பெனியில் வேலை. கூட வேலை செய்யும் பீட்டர் ஆறு ஞாயிற்றுக்கிழமைகளில் எடுத்த குறும்படத்துக்கு ஒலி சேர்ப்பது அவள் பொறுப்பு. திரையில் அவள் பெயர் வரப்போகும் முதல் படம். மாலை ஐந்து மணிக்குள் போட்டிக்கு அனுப்பியாக வேண்டும். சிக்கியது கடைசிக் காட்சி. செவ்வாப்பேட்டை ஸ்டேஷனுக்கு வெளியே, மரத்தடியில் நின்று, மனைவியாக நடித்த செண்பகம் கணவனிடம் கண்ணீரோடு சொல்லும் ஒற்றை வரி.

முதலில் ஹாரனைக் குறைத்தாள். குரலும் கூடவே குறைந்து, செண்பகம் குடத்துக்குள்ளிருந்து பேசினாள்.

"செண்பகத்தையே மறுபடி பேச வெச்சிடலாம்," என்றார் பீட்டர்.

செண்பகம் அதே கம்பெனியில் ஷிப்டில் இருந்தாள். அவள் போனைக் கேட்டிலேயே வாங்கி வைத்திருந்தார்கள்.

"அப்ப நீயே பேசிடும்மா. 'நீ போ, நான் வரல.' அவ்ளோதான்."

பிரின்சி பேசினாள். வசனம் முடிந்த பிறகும் செண்பகத்தின் வாய் ஓடிக்கொண்டே இருந்தது.

"இன்னாண்ணா இது? நீங்க எழுதுனது நாலு வார்த்தை. இவங்க பேசிக்கினே போறாங்க."

"ஃபீலாயி சேத்துப் பேசியிருக்கும். கொஞ்சம் இழுத்துப் பாரு."

இழுத்தாள். மனைவி குடித்துவிட்டு வந்தவள் மாதிரி ஆனாள். வாய் அசைவுக்குப் பொருந்த, "போறப்ப கேஸ் சிலிண்டர் புக் பண்ணிட்டுப் போ" என்று ஒட்டிப் பார்த்தாள். கச்சிதமாகப் பொருந்தியது. பீட்டர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

மணி நாலே முக்கால்.

பிரின்சிக்குச் சலித்துவிட்டது. ஒட்டியதையெல்லாம் அழித்தாள். ஹாரனைத் தூரத்திலிருந்து மெல்லக் கிளப்பி, ஏற்றி, ஏற்றி, வசனத்தை முழுசாக மூழ்கடித்தாள். பிறகு சட்டென்று அறுத்தாள். மரத்து இலைகளின் சலசலப்பு மட்டும் மிஞ்சியது.

"இன்னா பண்ற நீ?"

"வண்டியே பேசட்டும்ணா."

பீட்டர் இன்னொரு முறை போடச் சொல்லிக் காட்சியைப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு அனுப்பிவிட்டார்.

போட்டி நடந்த திருவள்ளூர்க் கல்யாண மண்டபத்தில் படம் ஓடி முடிந்ததும் யாரும் கைதட்டவில்லை. மூக்கை உறிஞ்சும் சத்தம்தான் கேட்டது. பிறகு தட்டினார்கள் பாருங்கள், நிறுத்தவே இல்லை. சிறந்த படம் அதுதான். சிறந்த ஒலியும் அதுதான். பிரின்சி கேடயத்தைத் தலைக்குமேல் தூக்கியபோது கம்பெனி ஆட்கள் விசில் அடித்தார்கள்.

"அவள் சொன்னதை நம் கற்பனைக்கே விட்டார்கள். நான் அழுதுவிட்டேன்," என்ற நடுவர் வெங்கடேசன், மைக்கைச் செண்பகத்திடம் நீட்டினார். "எங்களுக்காகச் சொல்லுங்கம்மா. அங்கே அப்படி என்னதான் சொன்னீங்க?"

செண்பகம் கூச்சத்தோடு பீட்டரைப் பார்த்தாள்.

"கால்ல கட்டெறும்பு கடிக்குது, கேமராவ நிறுத்துங்கன்னு கத்திக்கினு இருந்தேன் சார். இந்த அண்ணா டேக் ஓகேன்னுட்டாரு."