கீச்சு அண்ணனின் முதல் போணி

தியானம், மௌனம் என்று காணாமல் போவதற்கென்றே இந்த மலையடிவார ஊருக்கு வருகிறவர்கள் அதிகம். எதையும், எவரையும் காணாமல் போக விடாத ஒரே மனிதர் எங்கள் கீச்சு அண்ணன்தான்.

செங்கம் சாலையில் ஒரு காபிக்கடை மாடியில் இருக்கும் சின்ன வாசகசாலையில் அவர் உதவியாளர். புத்தகங்களில் ஒட்ட அஞ்சல்தலை அளவில் சிப்புகளும், அவற்றைக் கூப்பிடத் துப்பாக்கி மாதிரி ஒரு மிஷினும் வந்திறங்கின. மிஷினை நீட்டினால் சிப்பு தன் எண்ணைச் சொல்லும். மிஷின் 'கீச்' என்னும். பெயர் வந்த கதை அவ்வளவுதான்.

“இதுக்குள்ள பேட்டரி எங்கண்ணே இருக்கு?” என்று ஒரு சிப்பைப் புரட்டிப் பார்த்துக் கேட்டேன்.

“சிப்புக்குன்னு சொந்தமா கரண்டே கிடையாதுங்க. மிஷின் கூப்பிடுது பாருங்க, அந்த ரேடியோ அலையிலயே வயித்த ரொப்பிக்கினு, பேரச் சொல்லிட்டுப் படுத்துக்கும்.”

புத்தகங்கள் தீர்ந்தும் சிப்புகள் மீந்தன. குடைக்கு ஒன்று, கண்ணாடிக் கூட்டுக்கு ஒன்று ஒட்டினார். வாசகசாலை மூலையில் கண்மூடித் தியானத்தில் இருக்கும் வெள்ளைக்காரரின் ஜோல்னாப் பையிலும் ஒன்று.

“இது அநியாயம்ணே!”

“அவரையே கேட்டுட்டுதாங்க ஒட்டினேன். போன வாரம் உள்ள வெச்சுப் பூட்டிட்டேன். காலைல தொறந்தா, அப்பிடியே உக்காந்துனு இருக்காரு. பூட்டினது அவருக்கும் தெரியல, எனக்கும் தெரியல!”

மிஷின் மீது நம்பிக்கை இல்லாத ஒரே ஆள் வாசகசாலைச் செயலாளர். “இது வேலை செய்யலன்னா மிஷினும் வேணாம், அதைத் தூக்கினு திரியற ஆளும் வேணாம்” என்று சொல்லிக்கொண்டே இருந்தவர், சரஸ்வதி பூஜையன்று பொரி கடலையை மென்றபடி சோதனைக்கு வந்து நின்றார்.

அண்ணன் மிஷினை நீட்டினார். அலமாரி முழுக்க மௌனம். இன்னொரு அலமாரி. அதுவும் விரதம். சட்டென்று, “கீச்.”

செயலாளர் மெல்லுவதை நிறுத்தினார். “ஏன்யா, மிஷின் கையில இருக்குது, சத்தம் மீசைக்குள்ளருந்து வருது?”

அண்ணன் மீசையைக் கையால் பொத்திக்கொண்டார். “நாளைலேர்ந்து வராத” என்று செயலாளர் படியிறங்கத் திரும்பினார்.

அப்போதுதான் நான் புத்தகங்களைப் பார்த்தேன். பக்தி ஜாஸ்தியாகி, அண்ணன் விடியற்காலையிலேயே வந்து, ஒவ்வொரு சிப்பின் மேலும் கட்டைவிரல் கனத்துக்குச் சந்தனம் அப்பியிருந்தார். மிஷினின் அலையை ஈரமே குடித்துவிட்டால் சிப்பு எப்படிப் பேசும்? “அண்ணே, சந்தனம்!” என்றேன்.

“ஐயா, ஒரே நிமிஷங்க!” அண்ணன் ஓடிப்போய் மேசை இழுப்பறையிலிருந்து ஒல்லியான ஒரு புத்தகத்தை எடுத்தார். அதற்கு மட்டும் சந்தனம் இல்லை. மிஷினை நீட்டினார்.

கீச்!

இன்னொன்றைத் துண்டால் அழுந்தத் துடைத்தார். கீச்! துடைக்கத் துடைக்க, மாடி முழுக்கக் குருவிகள். செயலாளர் கடைசிப் பொரியை வாயில் போட்டுக்கொண்டு, “அடுத்த வருஷம் சந்தனம் கம்மியா வைய்யா” என்று இறங்கிப் போனார். மூலையில் இருந்த வெள்ளைக்காரர் கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

இழுப்பறைப் புத்தகத்தைத் திருப்பிப் பார்த்தேன். என் கவிதைத் தொகுப்பு.

“தினம் காலைல மிஷினுக்கு மொத போணி இதுலதாங்க.”

“இத்தனை புத்தகம் இருக்க, ஏண்ணே இது?”

“இதத்தான் யாரும் எடுத்துக்கினு போறதில்லீங்களே.” வாய்தவறிச் சொன்னதுபோல் நிறுத்தினார். பிறகு அட்டையைத் துண்டால் மெல்லத் துடைத்தார். “யாராச்சும் கூப்பிட்டாத்தாங்க இதுக்கு உயிரு. அதான், நான் ஒருத்தனாவது தினம் கூப்பிட்டுடறேன்.”

இப்போதும் காலையில் அந்தக் காபிக்கடையில்தான் உட்கார்கிறேன். மாடியிலிருந்து முதல் 'கீச்' கேட்ட பிறகுதான் டம்ளரைக் கையில் எடுப்பேன்.