கட்டுப் போட்ட கதை

லிப்ட் மெக்கானிக் அன்று காலை பல் தேய்த்துக்கொண்டே ஒரு சபதம் எடுத்தார். எழுத்தாளர் ஆகிவிடுவது. ஆகி முடிக்கும்வரை மனைவியிடம் மூச்சு விடக்கூடாது.

சபதத்தின் பின்பாதிக்குக் காரணம் இருந்தது. முன்பு புல்லாங்குழல் கற்கப்போவதாக ஊரைக் கூட்டிச் சொன்னார். அந்தக் குழலில் இப்போது சமையலறை ஜன்னல் திரை தொங்குகிறது. அப்புறம் ஓவியம் என்றார். அந்தத் தூரிகைகளால் மனைவி தையல் மிஷினுக்குத் தூசி தட்டுகிறாள். மூன்றாவதாக ஒன்றையும் பாதியில் விட்டுவிட்டு அவளுடைய அந்த அரைச் சிரிப்பைப் பார்க்க மனிதருக்குத் தெம்பில்லை.

நூலக மாடியில் எட்டு சனிக்கிழமை, மாலை நாலு முதல் ஏழு வரை, கதை எழுதக் கற்றுத்தரும் வகுப்பு. கடைசி நாளில் தேர்வாகும் ஒரே ஒரு கதையை நூலகமே அச்சடித்து அலமாரியில் வைக்கும். இந்த நோட்டீஸ் முந்தின நாள் அவருடைய டூல்பாக்ஸில் ஸ்பேனருக்கு அடியில் கிடந்தது. யார் வைத்தார்களோ. விதிதான் வைத்தது என்று மெக்கானிக் முடிவு செய்தார். ஒரே ஒரு கதை. அதில் தன் பெயர். அது போதும் அவருக்கு.

ஆனால் சனிக்கிழமை எங்கே போவதாகச் சொல்வது?

"நம்ம ஸ்டோர்கீப்பருக்குக் கால் முறிஞ்சு போச்சு. வாரா வாரம் போய்ப் பார்த்துட்டு வரலாம்னு இருக்கேன்" என்றார்.

அவர் கம்பெனி ஸ்டோருக்கு ஒரு பூட்டுதான் கீப்பர். வேறு ஆள் கிடையாது.

மனைவியைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். பள்ளிக்கூட அலுவலகத்தில் இருபது வருடமாக விடுப்புக் கடிதம் வாங்குகிறவள். ஒரே சித்தப்பா ஒரே வருடத்தில் மூன்று தரம் செத்ததைக் கையும் களவுமாகப் பிடித்தவள்.

"எந்தக் கால்?"

"இடது."

"எப்படி?"

"ஏணியிலேருந்து விழுந்துட்டார்."

"ஏணியில எதுக்கு ஏறினார்?"

மெக்கானிக் ஒரு வாய் தண்ணீர் குடித்தார். "பல்பு மாத்த."

"ஏணியைப் பிடிச்சுக்க ஒருத்தர் இல்லையா?"

"தனியாத்தான் இருக்கார்."

"பாவம்" என்று அவள் உள்ளே போய்விட்டாள். காலுக்கு ஒரு கட்டு, கதைக்கு ஒரு கட்டு, இரண்டையும் சரியாகப் போட்டுவிட்டோம் என்று இவருக்கு ஒரே பூரிப்பு.

வகுப்பில் அவர் பாடு அப்படியில்லை. சொல்லித்தந்தவர் முப்பது வருடம் பத்திரிகையில் கதை திருத்தி ஓய்வு பெற்ற அம்மா. "கதைக்கு ஏற்ற இறக்கம் வேணும்" என்றார் முதல் நாளே. மெக்கானிக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். ஏற்ற இறக்கத்தை இவருக்கா சொல்லித்தர வேண்டும்? அதற்கு கிரீஸ் போட்டுத்தானே இத்தனை வருடம் பிழைக்கிறார். மறுவாரமே ஒரு துப்பறிவாளனைப் பன்னிரண்டாம் மாடியிலிருந்து தள்ளிவிட்டு எழுதிக்கொண்டு போனார்.

ஆசிரியை படித்துவிட்டுக் கேட்டார். "இவர் காலைல என்ன சாப்பிட்டார்?"

"அது கதையில வரலையேம்மா."

"இவர் போயிட்டா வீட்டுல யாரு அழுவா?"

"யாரும் கிடையாதுங்க. துப்பறிவாளர்."

"அதான் எனக்கும் அழுகை வரலை. ஆள் கீழே விழுந்தாச்சு, கதை மேலேயே நிக்குது. படிக்கிறவங்களுக்கு இவர்மேல ஒரு கவலை வரணும். சுத்தி இருக்கறவங்களைக் கவனிங்க. கேள்வி கேளுங்க."

அடுத்து ஓர் இளவரசனைக் கொன்றார். அதற்கடுத்து ஒரு கப்பல் கேப்டனை. இருவரும் வெறும் வயிற்றோடுதான் செத்தார்கள். எழுத்தும் புல்லாங்குழல் வழியிலேயே போகிறது என்று மெக்கானிக்குக் கிலி பிடித்துக்கொண்டது.

வீட்டிலோ ஸ்டோர்கீப்பர் வாரத்துக்கு வாரம் தேறிக்கொண்டிருந்தார். மனைவி சனிக்கிழமை தவறாமல் பிளாஸ்க் நிறைய சூப் கொடுத்து அனுப்புவாள். இவர் அதை நூலகப் படிக்கட்டில் உட்கார்ந்து, மனசாட்சி உறுத்த உறுத்த, ஒரு சொட்டு விடாமல் குடிப்பார். திரும்பி வந்தால் விசாரணை.

"அவருக்குக் கல்யாணம் ஆகலையா?"

"ஆச்சு. அந்தம்மா ரேடியோவைச் சத்தமா வைக்கும். சண்டை போட்டுப் பிரிஞ்சுட்டாங்க."

"ரேடியோவுக்காகவா பிரிவாங்க? வேற என்னமோ இருக்கு. கேட்டுட்டு வாங்க."

இல்லாத மனிதரிடம் எதைக் கேட்பது? வாரம் முழுக்க லிப்டுக்குள் ஏறி இறங்கி யோசித்தார். சனிக்கிழமை வந்து சொன்னார். "காரணம் தெரியலை. ஆனா அந்தம்மா போனப்புறம் வீடு ரொம்ப அமைதியாயிடுச்சாம். இவரே ஒரு ரேடியோ வாங்கி, ஜன்னல் ஓரமா வெச்சு, சத்தமா போட்டுக்கிட்டு இருக்கார்."

மனைவி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

அவளுக்கும் அலைச்சல்தான். முதுகுவலியில் படுத்திருக்கும் பெரியம்மா மகளைப் பார்க்கவென்று புதன்கிழமை தோறும் போய்விட்டு, ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே லேட்டாக வருவாள். அன்றைக்குச் சாப்பாடும் லேட். கப்பல் கேப்டன் கவலையில் இருந்த மெக்கானிக் சாப்பாட்டை மட்டும் கவனித்தார்.

ஆறாவது வாரம் சடசடவென்று மழை பிடித்தது. மனைவி ஓடி ஓடி ஜன்னல் சாத்தினாள். கடைசி ஜன்னலில் கை அப்படியே நின்றது.

"அவரால எழுந்து ஜன்னல் சாத்த முடியுமாங்க? ரேடியோ நனைஞ்சிடுமே."

அவள் முகத்தில் நிஜமான கவலை. இல்லாத மனிதருடைய இல்லாத ரேடியோ நனைகிறதே என்று ஒருத்தி தவிக்கிறாள். இதைத்தானே அந்த ஆசிரியை தலைப்பாடாக அடித்துக்கொண்டார்.

மறுநாளிலிருந்து மதியச் சாப்பாட்டு நேரமெல்லாம் லிப்ட் மோட்டார் அறையில் உட்கார்ந்து எழுதினார். மழை வருகிறது. காலில் கட்டோடு ஒரு மனிதர் ரேடியோவைக் காப்பாற்றத் தரையில் நகர்ந்து நகர்ந்து போகிறார். போய்ச் சேருவதற்குள் வெளியிலிருந்து ஒரு கை ஜன்னலைச் சாத்துகிறது. வளையல் போட்ட கை.

எட்டாவது வகுப்பில் படித்தார். ஆசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இவருக்காக நான் கவலைப்பட்டேன். இதுதான் அச்சுக்குப் போகுது" என்றார்.

மெக்கானிக் பஸ்ஸில் பாதி தூரம் சந்தோஷமாக வந்தார். மீதி தூரம், குடித்துத் தீர்த்த எட்டு பிளாஸ்க் சூப்புக்கும் என்ன கணக்குச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே வந்தார். வீட்டுக்கு வந்ததும் காகிதங்களை மனைவியிடம் நீட்டினார்.

"ஒரு உண்மையைச் சொல்லிடறேன். ஸ்டோர்கீப்பர்னு ஒருத்தர் இல்லவே இல்லை."

அவள் பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து கடைசிவரை படித்தாள்.

"முதல் பக்கத்துல இடது கால்ல கட்டு. நாலாவது பக்கத்துல வலது கால்ல. அச்சுக்குப் போறதுக்குள்ள ஒரு காலை முடிவு பண்ணுங்க."

"உனக்குக் கோபம் இல்லையா?"

"நோட்டீஸை ஸ்பேனருக்கு அடியில வெச்சவளே நான்தானே."

"அப்ப அந்த சூப்பு?"

"வகுப்பு ஏழு மணி வரைக்கும். உங்களுக்குப் பசி தாங்காது."

அசடு வழிந்தது மெக்கானிக்குக்கு. "ரேடியோ நனையுமேன்னு சொன்னியே, அதுவும் நடிப்பா?"

"இல்லைங்க. அது நிஜமாவே கவலையாயிடுச்சு" என்றாள் அவள். "நல்லா எழுதியிருக்கீங்க."

அவ்வளவுதான். மெக்கானிக்கின் பெருமை லிப்ட் ஏறி ஒரேயடியாக மேல்மாடிக்குப் போய்விட்டது. "இனிமே பாரு. மனுஷங்களைக் கவனிக்கறதுதான் என் வேலை. என் கண்ணுக்கு ஒண்ணும் தப்பாது."

"சந்தோஷம். எட்டு புதன்கிழமையா ஈரத் தலையோட வீட்டுக்கு வர்றேனே, ஏன்னு கேளுங்களேன்."

"ஆமா, கேக்கணும்னே இருந்தேன். உங்க பெரியம்மா பொண்ணுக்கு முதுகுவலி எப்படி இருக்கு?"

அவள் காகிதங்களை அடுக்கி அவர் கையில் கொடுத்தாள்.

"எனக்கு நீச்சல் வந்தாச்சு. பெரியம்மாவே கிடையாதுங்க எனக்கு."