நீர்யானை அண்ணனின் ஒரு வருஷம்

இந்த உலகத்தில் எந்த மிருகம் எந்த நேரத்தில் தூங்கும், எந்த நேரத்தில் எழுந்து சோம்பல் முறிக்கும் என்பதெல்லாம் கடவுளுக்கு அடுத்தபடியாகத் தெரிந்தவர் எங்கள் நீர்யானை அண்ணன்தான். கடவுளுக்காவது வேறு வேலைகள் உண்டு, ஒட்டகச்சிவிங்கி விஷயத்தில் கொஞ்சம் மறதி வரலாம். அண்ணனுக்கு வராது.

நீர்யானை என்றதும் ஆளைப் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். துணிக் கயிற்றுக்கு முட்டுக் கொடுக்கிற மூங்கில் கழிக்குச் சட்டை போட்டால் அதுதான் அண்ணன். மட்டாஞ்சேரியில் எங்கள் சந்திலேயே வீடு. தோபிக்கானா என்கிற சலவைத் துறையில் அவருடைய துவைகல்லுக்கு அடுத்த கல் என்னுடையது. இரண்டு பேருக்கும் முதுகு மக்கர் செய்த பிறகு துவைப்பதை விட்டுவிட்டு இஸ்திரிக்கு வந்தோம். மேஜையும் அடுத்தடுத்த மேஜைதான். ஆக, என் காதுக்கு விடுதலையே கிடையாது.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் படகு ஏறி, பிறகு ரயில் ஏறி, மிருகசாலைக்குப் போவார். எந்த ஊர் மிருகசாலை என்பது வேண்டாம். அங்கே வேலை செய்கிறவர்கள் ஏற்கெனவே நொந்து போயிருக்கிறார்கள். சாயங்காலம் கூட்டுகிறவர் தோளில் தட்டிச் சொன்னால்தான் வீட்டுக்குக் கிளம்புவார். மறுநாள் காலையில் இஸ்திரிப் பெட்டியில் சிரட்டைக் கரி சிவப்பதற்குள் கதை ஆரம்பித்துவிடும்.

கையில் ஒரு நோட்டு உண்டு. நாங்கள் துணியில் வீட்டுக்கு வீடு ஒரு குறி போடுவோம், மசியால். பெயர் எழுத மாட்டோம். அந்தப் பழக்கத்தில் அண்ணன் நோட்டில் மிருகங்களுக்கும் குறிதான் போட்டு வைத்திருப்பார். ஒரு நாள் அவர் மனைவி, எனக்கு மதினி முறை, அதைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

“இது நம்ம வக்கீல் வீட்டுக் குறியில்லா? இதை எதுக்குக் கரடிக்குப் போட்டிருக்கீங்க?”

“ரெண்டு பேரையும் பார்த்தவங்களுக்குக் கேள்வியே வராது.”

ஆயுத பூஜை அன்று எங்களுக்கு வேலை கிடையாது. இஸ்திரிப் பெட்டிகளைத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்து வரிசையாக அடுக்கி, பொரி கடலை கொடுத்து முடித்ததும் அண்ணன் எழுந்து நிற்பார். போன பூஜையிலிருந்து இந்தப் பூஜை வரைக்கும் மிருகசாலையில் தான் கண்ட விசேஷங்களையும் பட்ட ஏமாற்றங்களையும் நோட்டைப் பார்த்து வாசிப்பார். வாசியுங்கள் என்று யாரும் கேட்டதில்லை. தடுத்துப் பார்த்தவர்களும் ஜெயித்ததில்லை. சுண்டல் சட்டியை மதினியிடம் கொடுத்து, வாசித்து முடித்த பிறகுதான் திறக்க வேண்டும் என்று உத்தரவு போட்டிருப்பார். அதனால் கூட்டம் எப்போதும் கலையாது.

எந்த வருஷம் வாசித்தாலும் கடைசி ஏமாற்றம் ஒன்றேதான். நீர்யானை வாய் திறக்கவில்லை.

இருபத்திரண்டு வருஷமாக அவர் அந்த நீர்யானையைப் பார்க்கப் போகிறார். பெரியநாயகி என்று பெயர் வைத்ததும் அவர்தான். அது தண்ணீரில் முக்கால் பங்கு முங்கிக்கொண்டு, இரண்டு காதும் மூக்கும் வெளியே தெரியக் கிடக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒரு தடவை சுற்றுலா போய், ஐந்து நிமிஷம் நின்று, அது ஆவென்று வாய் பிளப்பதைப் பார்த்துவிட்டுக் கைதட்டிக்கொண்டு வருகிறார்கள். அண்ணன் காலையிலிருந்து சாயங்காலம் வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றால் அது உதட்டைக்கூடப் பிரிக்காது. அவர் தண்ணீர் குடிக்கப் போனால் திறக்கும். தும்மினால் திறக்கும். கண்ணாடியைத் துடைத்து மாட்டுகிற இடைவெளியில் ஒரு தடவை திறந்து மூடியதாகப் பக்கத்தில் நின்றவர்கள் சாட்சி சொன்னார்கள்.

அதைப் பார்த்துக்கொள்கிற ஆளே ஒரு நாள் பொறுமை இழந்து, “சேட்டா, நிங்ஙள் போயாலே அது வா துறக்கூ” என்றாராம். நீங்கள் இடத்தைக் காலி செய்தால்தான் அது வாய் திறக்கும் என்று அர்த்தம். அண்ணன் அதையும் நோட்டில் ஏமாற்றம் என்று எழுதிக்கொண்டார்.

போன வருஷ பூஜையில் அண்ணன் நோட்டை மூடிவிட்டு ஒரு குண்டைப் போட்டார்.

“அடுத்த பூஜைக்குள்ள பெரியநாயகி வாயை நான் பார்க்கணும். பார்க்கலைன்னா இனிமே ஜூவுக்கே போறதில்லை. மதி, போதும். இது சத்தியம்.”

சத்தியம் செய்தது இஸ்திரிப் பெட்டி மேல். பூஜை போட்ட பெட்டி. எங்களுக்கு அதற்கு மேல் சத்தியம் கிடையாது.

சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மிருகசாலைக்குப் போகாத அண்ணனை நான் ஒரு தடவை பார்த்திருக்கிறேன். கால் சுளுக்கி இரண்டு மாதம் போகவில்லை. வாங்கி வைத்த சாயா ஆடை கட்டும் வரை அப்படியே இருக்கும். ஒரு போர்வையை மடித்து, பிரித்து, திரும்பவும் மடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அப்போது என் காதுக்கு விடுதலை கிடைத்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

அந்த வருஷம் ஆரம்பத்தில் விசேஷங்களுக்குக் குறைவில்லை. முதல் மாதம் மலைப்பாம்பு தோல் உரித்ததைப் பார்த்துவிட்டு வந்தார்.

“தங்கச்சி, என்ன ஒரு ஒழுக்கம்! தலையிலேருந்து வால் வரைக்கும் ஒரு கிழிசல் இல்லை. கழட்டி ஓரமா வெச்சிட்டுப் போயிருக்கு. நமக்குத் துணி போடற ஹோட்டல்ல தங்கற வெள்ளைக்கார சாயிப்புங்க ஒருத்தனாவது பேன்ட்டை இப்படிக் கழட்டறானா? ஒரு காலு உள்பக்கம், ஒரு காலு வெளிப்பக்கம்!”

அடுத்த மாதம் சிங்கம் அவரைப் பார்த்துக் கண்ணடித்தது.

“ஈ மொய்ச்சிருக்கும்” என்றாள் மதினி.

“ஈ மொய்ச்சா ரெண்டு கண்ணையும் மூடும். இது ஒரு கண்ணு.”

“அப்போ ஒரு ஈ.”

மழைக்காலத்தில் ஏமாற்றங்கள் வரிசை கட்டின. வரிக்குதிரையின் வெள்ளை பழுப்படித்துவிட்டது என்று அவருக்கு மனசு ஆறவில்லை. அடுத்த முறை போகும்போது ஒரு பொட்டலம் நீலம் கொண்டுபோய், கடைசி அலசலில் ஒரு சிட்டிகை போட்டால் வெள்ளை எடுத்துக் கொடுக்கும் என்று அங்கே இருந்த அதிகாரியிடம் சொல்லியிருக்கிறார். கறுப்புக் கோட்டில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று எச்சரிக்கையும் செய்திருக்கிறார். அதிகாரி பொட்டலத்தை வாங்கவில்லை. வரிக்குதிரையிடமும் கேட்கவில்லை.

இன்னொரு மாதம் ஹோட்டல் விரிப்புகள் குவிந்துவிட்டதால் ஞாயிறு போக முடியாமல் திங்கட்கிழமை போனார். திங்கட்கிழமை மிருகசாலைக்கு விடுமுறை. அது அவருக்குத் தெரியும், ஆனாலும் போனார். வெளிமதில் ஓரமாக நாள் முழுக்க நடந்து, சத்தத்தை வைத்தே ஒன்பது மிருகங்களை அடையாளம் கண்டதாகச் சொன்னார். அதை விசேஷத்தில் சேர்ப்பதா ஏமாற்றத்தில் சேர்ப்பதா என்று என்னிடம் அபிப்பிராயம் கேட்டார். விசேஷம் என்றேன். பாவம், அதில் ஒன்று வாட்ச்மேனின் இருமல் என்று பிறகு தெரிந்தது.

இப்படியே பூஜைக்குப் பத்து நாள் என்று வந்துவிட்டது. பெரியநாயகி வாய் திறக்கவில்லை. அண்ணன் பேச்சு குறைந்தது. போர்வையை மடித்துப் பிரிக்க ஆரம்பித்தார். மதினி என் மேஜைக்கு வந்து மெதுவாகச் சொன்னாள்.

“இந்த ஞாயிறு கடைசி. நாம ரெண்டு பேரும் கூடப் போவோம். இவர் கண்ணைச் சிமிட்டினா நான் கிள்ளறேன். தும்மல் வந்தா நீ மூக்கைப் பிடி.”

நான் ஆண்பிள்ளை மூக்கை எல்லாம் பிடிக்கிற ஆள் இல்லை. ஆனாலும் போனேன்.

ஒன்பது மணிக்கு நின்றோம். பெரியநாயகி முங்கிக் கிடந்தது. மதினி அண்ணனுக்குத் தண்ணீர் கொடுக்கவில்லை. கண்ணாடியை அவளே கழற்றித் துடைத்து, அவளே மாட்டிவிட்டாள். பன்னிரண்டு மணிக்குச் சோற்றைக்கூட உருட்டிக் கையில் வைத்தாள், இலையைக் குனிந்து பார்க்க வேண்டாம் என்று. பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வந்து, நீர்யானையை விட்டுவிட்டு எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

இரண்டு மணி இருக்கும். நீர்யானையைப் பார்த்துக்கொள்கிறவர் புல்லுக் கூடையோடு உள்ளே வந்தார். புதுக் காக்கிச் சட்டை. பெரியநாயகி தண்ணீரிலிருந்து எழுந்தது. காது ஆடியது.

அந்த நேரம் பார்த்து அந்த மனிதர் எங்கள் பக்கம் முதுகைக் காட்டித் திரும்பினார். சட்டைக் கையில் இரட்டை மடிப்பு.

எங்கள் தொழிலில் இரட்டை மடிப்பை விடப் பெரிய பாவம் கிடையாது. ஒரு மடிப்பு விழுந்த இடத்துக்குப் பக்கத்திலேயே இன்னொன்று விழுந்தால், தேய்த்தவன் தூங்கிக்கொண்டே தேய்த்தான் என்று அர்த்தம். என் கண்ணிலும் அது பட்டது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு நீர்யானையையே பார்த்தேன். அண்ணனால் முடியவில்லை.

“எடோ! அந்தச் சட்டை யாரு தேச்சது? கையைக் காட்டு! கையைக் காட்டுடே!”

பெரியநாயகி வாயைத் திறந்தது.

அம்மாடி, அது வாயா? இரண்டு கதவையும் ஒன்றாகத் திறந்த மாதிரி. உள்ளே எல்லாம் ரோஜா நிறம், ஓரத்தில் கொம்பு கொம்பாகப் பல். திறந்து, அவசரமே இல்லாமல் அப்படியே வைத்திருந்தது. மதினி அண்ணனைக் கிள்ளினாள். அவர், “இரு, இவன் கைமடிப்பைப் பாரு” என்று அவள் கையைத் தட்டிவிட்டார். பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள். அண்ணன் திரும்பினார். தண்ணீரில் இரண்டு காதும் மூக்கும் தெரிந்தன.

அவர் கம்பியிலிருந்து கையை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார். வயதான மனிதர் ஒருவர் அழாமல் நிற்பது எவ்வளவு கஷ்டமான வேலை என்று அன்று பார்த்தேன்.

பிறகு கேட்டார், “எப்படி இருந்தது?”

“பெரிசா இருந்தது” என்றாள் மதினி.

“பெரிசுன்னா?”

“பெரிசுன்னா பெரிசுதான்! நான் உங்களைக் கிள்ளறதைப் பார்ப்பேனா, அதைப் பார்ப்பேனா?”

அண்ணன் என் பக்கம் திரும்பினார். “தங்கச்சி, நீ பார்த்தியா?”

நான் நாலு பேர் நடுவில் பேசுகிறவள் இல்லை. சிரித்தால்கூட முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வேன். அந்த முகத்தைப் பார்த்துவிட்டுச் சும்மா நிற்கவும் முடியவில்லை. முந்தானையை விட்டுவிட்டு, அத்தனை பிள்ளைகள் பார்க்க, தலையை அண்ணாந்து வாயைத் திறந்தேன்.

“இவ்வளவுதானா?”

இன்னும் திறந்தேன்.

“இவ்வளவு நேரமா?”

தலையாட்டினேன், வாயை மூடாமலே. அண்ணன் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஒரு டாக்டரைப் போலக் குனிந்து பார்த்தார். பிள்ளைகள் கைதட்டினார்கள். நீர்யானையைப் பார்த்துக்கொள்கிறவர் கூடையைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

ஆயுத பூஜை வந்தது. பொரி கடலை முடிந்தது. அண்ணன் நோட்டோடு எழுந்தார். மலைப்பாம்பு, சிங்கம், வரிக்குதிரை, மதில் எல்லாம் வாசித்தார். கடைசியாகத் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“விசேஷம். பெரியநாயகி வாய் திறந்தா. பார்த்தது தங்கச்சி. தங்கச்சியை நான் பார்த்தேன்.”

யாரோ கேட்டார்கள், “அப்போ நீங்க நேரா பார்க்கலை. சத்தியப்படி இனிமே போறதில்லை, அல்லே?”

“அதெப்படி? ஒரு சந்தேகம் நிக்குதே.”

“என்ன சந்தேகம்?”

“தங்கச்சி காட்டினதுல கீழ் வரிசையில மூணு பல்லு இல்லை. பெரியநாயகிக்கும் இல்லையான்னு போய்ப் பார்த்துத்தானே எழுத முடியும்? தப்பா எழுதிட்டா?”

கூட்டம் சிரித்த சிரிப்பில் சுண்டல் சட்டி தானாகவே திறந்தது. நான் மூலையில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மறுபடியும் போகிறார். அவருடைய வெள்ளைச் சட்டை இப்போது என் மேஜையில்தான் இருக்கிறது. காலருக்கு மட்டும் மூன்று தடவை கஞ்சி போட்டு, பலகை போல விறைக்கத் தேய்த்து வைத்திருக்கிறேன். அதைப் போட்டுக்கொண்டால் அண்ணனால் கழுத்தை இந்தப் பக்கமும் திருப்ப முடியாது, அந்தப் பக்கமும் திருப்ப முடியாது.